ஏறும்போது வறுக்கும் ரேடியோ

எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் மனைவி என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "இன்னா சொன்னான்?"

கேட்ட இடம் எப்போதும் ஒன்றே. ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைச்சாலை. பழைய அம்பாசடரின் முன் இருக்கை. டேஷ்போர்டுக்குக் கீழே, கைக்குட்டை அளவுள்ள, துணி மூடிய ஸ்பீக்கர் கூண்டுக்குப் பின்னால், பொரி வறுத்துக்கொண்டிருக்கும் ரேடியோ. யாரோ ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருப்பார், அல்லது ஒரு வேளாண் அதிகாரி, அல்லது பாடகர் ஒருவர் பல்லவியை முடித்து அனுபல்லவிக்குள் கால் வைத்திருப்பார். வண்டி வளைவில் திணறும். நான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். உடனே வறுபட ஆரம்பித்துவிடும். பேசியவர், பாடியவர், எல்லோரும் சட்டிக்குள் விழுந்த அரிசி. அவள் என் பக்கம் சாய்ந்து, கூண்டுக்குக் காதைக் கொடுத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள்: "இன்னா சொன்னான்?"

நான் சொல்வேன்.

எனக்கு மட்டும் கேட்டிருக்குமா? எனக்கும் பொரிதான் கேட்டது. ஆனால் ஒரு பெண், மல்லிகை வாடையும் புளி வாடையும் சேர்ந்து அடிக்க, தோளுக்கு இத்தனை பக்கத்தில் வந்து ஒரு கேள்வியைக் கேட்டால், தெரியாது என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு மனம் வரும்? பாட்டில் விட்டுப்போன அடியை நானே கட்டிப் போட்டேன். டாக்டர் விட்ட மருந்தை நானே கொடுத்தேன், யாருக்கும் தீங்கு வராததாகப் பார்த்து. என் முறை எளிது. ஜன்னலுக்கு வெளியே அந்த நொடியில் என்ன தெரிகிறதோ அதை எடுத்து ஓட்டையில் வைத்துவிடுவேன். குரங்கு தெரிந்தால் குரங்கு. கடுக்காய் மரம் தெரிந்தால் கடுக்காய். பின்னால் சில சிற்றிதழ்களில் நான் எழுதிய உரைநடைக் கவிதைகள் எல்லாம் அந்த மலைச்சாலையில் பழகியவைதான். அவற்றுக்குக் கிடைத்த வாசகர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ரேடியோ ஓட்டைகளில் நான் எழுதியவற்றுக்கு ஒரே ஒரு வாசகி. அவள் வாரம் தவறாமல் சாய்ந்து கேட்டாள்.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், மனைவியின் புளி வியாபாரத்துக்கு ஓட்டுநர். கேட்காவிட்டால், எழுத்தாளன். வாரம் ஒருமுறை காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய், மலைக்காரர்களிடம் ஓடு உடைக்காத புளி வாங்கி, கீழே கொண்டுவந்து, கொட்டை எடுத்து, காயவைத்து, உருண்டை பிடித்து அவள் விற்பாள். கார் அவள் அப்பாவுடையது. கண் மங்கிய பிறகு மூத்த மருமகனான என் கையில் சாவியைக் கொடுத்தார். இளைய மருமகனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அதுவே என் முதல் எரிச்சல். பொறாமைப்பட வேண்டிய இடத்தில் பொறாமைப்படாத மனிதனை எப்படி மன்னிப்பது?

இளைய மருமகன் என்றால் என் சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். காவலூரில் வானத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகள் இருக்கும் இடத்தில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் வேலை. எங்கோ கிடக்கும் நட்சத்திரத்திலிருந்து வரும் துளி வெளிச்சத்தில் கலந்திருக்கும் இரைச்சலைக் களைவது அவர் தொழில் என்று மாமியார் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் என்ன செய்கிறேன் என்பதை மனப்பாடமாகச் சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது.

முதலில் அந்த உப்புத்தண்ணீர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் சொந்தத்தில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒருநாள், பேச்சுவாக்கில் ரேடியோ வறுப்பதைப் பற்றி மனைவி தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறாள். சகலை போனை வாங்கி என்னிடம் பேசினார். "அண்ணா, ஏரியல் அடியில எர்த் சரியா கெடைக்கல போல. எர்த்த மட்டும் பாருங்க, பாதி சத்தம் போயிடும்" என்றார். எர்த் எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் துளசிச் செடிக்குப் பக்கத்தில் எர்த் குழி இருக்கிறது. வெயில் காலத்தில் மண் காய்ந்தால் மின்விசிறியைத் தொட்டாலே சுள்ளென்னும். உப்பைக் கரைத்து இரண்டு குடம் ஊற்றினால் சரியாகிவிடும். இது ஆலங்காயத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஒரு சொம்பு உப்புத்தண்ணீரைக் கரைத்து, காரின் முன்பக்கம் ஏரியல் நட்டிருக்கும் இடத்தில், மூன்று நாள், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, பக்தியோடு ஊற்றினேன்.

அடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்கு வந்த சகலை ஏரியலின் அடியைப் பார்த்தார். பச்சையும் சிவப்புமாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, "உப்பு" என்றார். பந்தலே சிரித்தது. மாமியார் வாயில் இருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்காமல் பொறுமையாக, அதுதான் கொடுமை, என்னிடம் சொன்னார்: "அண்ணா, வண்டிக்கு மண்ணு கெடையாது. அதோட ஒடம்புதான் அதுக்கு மண்ணு."

விஷயம் என்னவோ சாதாரணம்தான். வீட்டு வயர் மண்ணில் போய் முடியும். கார் ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது, தரையைத் தொடுவதில்லை. ஆகவே அதன் தகர உடம்பையே மண்ணாக வைத்துக்கொண்டு எல்லா வயரும் அதில் வந்து முடிகின்றன. அந்தத் தகரத்தில் ஏரியல் நன்றாகப் பதிந்திருந்தால் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். ஆனால் நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உப்புக்காக எல்லோரும் சிரித்தது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்த வரி ஆறவில்லை. வண்டிக்கு மண் கிடையாது, அதன் உடம்புதான் அதற்கு மண். அது நான் எழுதியிருக்க வேண்டிய வரி. இருபது வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியவன் நான். அவரோ காதுகுத்துச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகிற வழியில் அதைச் சொல்லிவிட்டு, தாம் என்ன சொன்னோம் என்றே தெரியாமல், மோர்க்குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து என் குறிப்பு நோட்டில் அதை எழுதி வைத்தேன். பக்கத்தில் யார் சொன்னது என்று எழுதவில்லை.

இப்போது அத்தி இலைக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, காவலூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், சாலை பாறையைக் குடைந்து திரும்பும் ஒரு வளைவு. ரேடியோவில் புளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். புளி கறுக்காமல் இருக்க உப்புக் கலந்து, மண்பானையில் அடுக்கி, மேலே... பொரி, பொரி, பொரி. தொழில் சமாச்சாரம் என்பதால் அவள் கிட்டத்தட்ட என் மடியில் விழுந்தாள். "மேல? மேல இன்னா போடணும்னான்? இன்னா சொன்னான்?"

ஜன்னலில் பார்த்தேன். வளைவின் விளிம்பில் ஓர் அத்தி மரம், அடிமரத்தில் காய் அப்பிக்கொண்டு நின்றது.

"அத்தி இலை" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் புளிப்பானைகளின் வாய் அத்தி இலையால் மூடப்பட்டது. புளி கறுக்கவில்லை. அவள் கொட்டை எடுக்கிற சுத்தம், காயவைக்கிற பக்குவம், உப்புப் போடுகிற கை, இவைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயர் இலைக்குப் போனது. தெருவில் ஏழெட்டு வீட்டுப் பெண்கள் இலை பறிக்க ஆரம்பித்தார்கள். காவலூர்க் குவார்ட்டர்ஸில் அவள் தங்கை வீட்டிலும் இலை. வாணியம்பாடிக் கடைக்காரர் ஒருவர் "ரேடியோ புளி" என்று கேட்டு வாங்கினார். "ரேடியோல சொன்னான்" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என் எழுத்து முதல்முதலாக உலகத்தில் வேலை செய்வதைப் பார்த்தேன். ஆசிரியர் பெயர்தான் வேறு.

இந்த வருடம் புளி இறங்கும் பருவத்தில் ஒரு மதியம் அவளுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் முகம் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது.

"ரேடியோ ஸ்டேசன்லேர்ந்துங்க. என் லெட்டர படிக்கப் போறாங்களாம்."

"எந்த லெட்டர்?"

"நான்தான் எழுதிப் போட்டேன். அத்தி எல சொன்னதுக்கு நன்றி சொல்லி. பன்னெண்டு வருசமா என் புளி கறுக்கல, சொன்ன ஐயாவுக்கு கோடி புண்ணியம்னு." குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க அதுல கவிதைய கலந்துடுவீங்க. அதான் சொல்லல."

படிக்கப் போகும் நாள் சந்தை நாள். படிக்கும் நேரம் நாங்கள் மலையில் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். வீட்டு ரேடியோவை எலி எப்போதோ தின்றுவிட்டது. போனில் கேட்கலாம் என்றால் மலையில் போன் எடுக்காது. புளிக்காலத்தில் ஒரு சந்தையைத் தவறவிடுவது என்பது அவள் அகராதியில் இல்லை. அப்படியானால் காரில்தான் கேட்க வேண்டும்.

ஸ்டேஷனில் யாரும் அத்தி இலை என்று சொன்னதே இல்லை. கடிதத்தைப் படித்தவுடன் அதைத்தான் சொல்வார்கள். இருபது வருடமாக என் தோளுக்கு வந்த அந்தக் காது அதைத் தெளிவாகக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு என் பக்கம் சாயுமா?

நல்ல வேளை, ஏறும்போது வறுக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே அவள் சகலையின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஞாயித்துக்கெழம லீவுதான? வந்து இந்த ரேடியோவ ஒரு வழி பண்ணிக் குடு. இவருகிட்ட சொன்னா உப்ப கரைச்சுக்கினு வந்துடுவாரு."

ஞாயிறு காலை இட்லிக்கு முன்பே சகலை வந்துவிட்டார். தோளில் ஒரு பை. சட்டைக் கையை மடித்த விதத்தில்கூட ஓர் ஒழுங்கு. வந்தவுடன் பானெட்டைத் திறக்கவில்லை. "ஒரு ரவுண்டு போலாமாணா" என்று என்னை ஓட்டச் சொல்லி, மலைச்சாலையில் கொஞ்ச தூரம் ஏறி, திருப்பி, கீழ்நோக்கி நேராக இருக்கும் ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டார். ரேடியோ பொரிந்துகொண்டிருந்தது.

"மெதுவா விடுங்க. இப்ப இன்ஜின ஆஃப் பண்ணுங்க."

சாவியைத் திருப்பினேன். ரேடியோவுக்கு மாமனார் காலத்திலேயே தனி வயர். இன்ஜின் நின்றது, வண்டி தானாக உருண்டது, பொரி அப்படியே அடங்கியது. ஒரு நாதஸ்வரம். எங்கள் காரில் இத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்த நாதஸ்வரம், ஒரு சுரம் கெடாமல், ஜன்னல் வழியே புங்க மரங்களுக்குள் போயிற்று. பின் இருக்கையில் என் மனைவி மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. பொரி இருந்திருந்தால் கேட்டிருக்காது.

"பாத்தீங்களாண்ணி? ஸ்டேசன் மேல தப்பு இல்ல. ரேடியோ மேலயும் இல்ல. வண்டி தன்னோட சத்தத்த தானே கேட்டுக்கினு இருக்குது."

இதுவும் ஒரு வரி. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

வீட்டு வாசலில் வேலை நடந்தது. பிளக்குக்குப் போகும் தடித்த வயர்களின் முனையில் கறுப்புத் தொப்பிபோல் ஏதோ மாட்டினார். பிளக்கில் பொறி தெறிக்கும்போது அந்தப் பொறியே ஒரு குட்டி ஒலிபரப்பு என்றும், தொப்பி அதன் வாயை அடக்கும் என்றும் சொன்னார். காயிலுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு கண்டன்சரைத் திருகினார். டைனமோவுக்கு இன்னொன்று. பானெட் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே பின்னிய செம்புக்கம்பிப் பட்டை ஒன்று. கடைசியில் என் உப்பு பூத்த ஏரியல் அடியை உப்புத்தாளால் தேய்த்தார். ஆமாம், அந்தத் தாளுக்குப் பெயரே உப்புத்தாள். யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எல்லோரும் நினைத்தார்கள்.

நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை தப்பான அளவு.

"எதுக்கு தம்பி இது?" என்று என் மனைவி கண்டன்சரைக் காட்டிக் கேட்டாள். அவள் கேட்ட தொனியைப் பாருங்கள். அதே சாய்வு, அதே சுருங்கிய புருவம். ஆனால் பானெட்டுக்குள், அவர் பக்கமாக.

"இரைச்சல பின்னாடி போய் தொரத்தக் கூடாதுங்கண்ணி. அது பொறக்கற எடத்துலயே குடிச்சிடணும். இது குடிச்சிடும்."

அவளுக்குப் புரிந்தது. எனக்குத் தெரியும், புரிந்தால் அவள் கீழுதட்டை லேசாகக் கடிப்பாள். காபி முதலில் அவருக்குப் போனது. எனக்கு வந்தபோது ஆடை படர்ந்திருந்தது. காபியில் ஆடை படர்ந்ததை எல்லாம் ஒருவன் ஞாபகம் வைத்திருப்பானா என்று கேட்காதீர்கள். பொறாமைக்காரனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

இன்ஜினை ஓட்டி, ரேடியோவைப் போட்டார். ஒன்றும் வறுபடவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மெல்லிதாக ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். முன் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் அவள். செய்தி வாசித்தவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து அவள் காதில் வைத்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"சகலை, நீங்க கையில தேன் வெச்சுக்கினு பொறந்திருக்கீங்க" என்றேன். பாராட்டு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சந்தைக்கு முதல்நாள், அவள் புளிச்சாக்குக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த பட்டப்பகலில், நான் பானெட்டைத் திறந்தேன். ஆயில் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்காமலேயே. காயில் பக்கத்துக் கண்டன்சரின் வயரைக் கழற்றினேன். பிளக்குத் தொப்பிகளை உருவி எடுத்தேன், அவற்றின் இடத்தில் பழையவற்றை மாட்டினேன், புதியவற்றை டூல்ஸ் பெட்டியில் போட்டேன். கழற்றிய வயரின் முனை எங்காவது பட்டுப் பொறி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், சட்டைப் பையிலிருந்த குறிப்பு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து முனையில் சுற்றினேன். இருபது வருடத்தில் அந்த இன்ஜினில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், வாசலில் சகலை. ஆலங்காயத்தில் பேங்க் வேலையாக இறங்கியவராம். "காவலூர் வரைக்கும் வர்றேண்ணா. அண்ணி லெட்டர நானும் கேக்கறேன்."

ஏறத் தொடங்கியதும் வறுக்கத் தொடங்கியது.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, ரேடியோவைப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பினாள். "இன்னா தம்பி இது? ஞாயித்துக்கெழம தேன் மாதிரி கேட்டுச்சே?"

"நிறுத்துங்கணா" என்றார் அவர்.

நிறுத்தினேன். இறங்கினோம். பானெட்டைத் திறந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது, அதைப் பார்த்தேன். அவர் கை வயரைத் தேடிப் பிடித்தது. முனையில் சுற்றியிருந்த தாளை எடுத்தார். பிரித்தார். என் கையெழுத்து எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும், கல்யாணப் பத்திரிகை உறைகளில் முகவரி எழுதுவது நான்தான். அதற்கு மேல் அதில் என்ன எழுதியிருந்தது என்பதை, அவர் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய உதடுகளின் அசைவிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

வண்டிக்கு மண் கிடையாது. அதன் உடம்புதான் அதற்கு மண்.

நோட்டில் எத்தனையோ பக்கம் இருக்க, அந்தப் பக்கத்தையா கிழித்தேன்!

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வசவுக்குத் தயாராக இருந்தேன், சொல்லப்போனால் அதற்கு ஏங்கினேன். ஒரு வசவு வாங்கிவிட்டால் அவரை வெறுப்பது சுலபமாகிவிடும். அவர் தாளை நான்காக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி ஆச்சு?" என்று வண்டிக்குள்ளிருந்து அவள் குரல்.

"ஒண்ணுமில்லீங்கண்ணி. குலுங்கி குலுங்கி வந்ததுல வயரு கழண்டுக்கிச்சு."

குலுங்கியதில் வயர் கழண்டதாம். தொப்பிகளும் குலுங்கி டூல்ஸ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டனவாம். அவர் டூல்ஸ் பெட்டியை எடுத்து எல்லாவற்றையும் திருப்பி மாட்டினார். என்னிடம் கையை நீட்டினார். நான் ஸ்பேனரைக் கொடுத்தேன். இந்த முறை சரியான அளவு.

வண்டி ஏறியது. ரேடியோ தெளிவாகப் பேசியது. நிகழ்ச்சி நடத்தும் அம்மா ஆலங்காயத்திலிருந்து ஒரு நேயர் என்று ஆரம்பித்து, என் மனைவியின் கடிதத்தை முழுக்கப் படித்தார். கோடி புண்ணியம் வரைக்கும் படித்தார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் எழுதியது அழகாக இருந்தது. புளி வெயிலில் கிடக்கும்போது எறும்புகூட அதற்கு வழிவிட்டுப் போகும் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். இவளும் எழுதுவாளா என்று ஒரு முள் குத்தியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேளாண் அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"கடிதம் எழுதின அம்மாவுக்கு நன்றி. ஆனா அத்தி இலைன்னு நம்ம நிகழ்ச்சியில யாரும் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. உப்புக் கலந்து, காத்துப் புகாம துணியால மூடி வைங்கன்னுதான் எப்பவும் சொல்லுவோம். துணின்னு சொன்னது அம்மாவுக்கு வேற மாதிரி கேட்டிருக்கலாம். இருந்தாலும் பன்னிரண்டு வருஷமா கறுக்கலைன்னு அவங்க சொல்றதைப் பார்த்தா..."

குரல் மெலிந்தது. பொரி இல்லை, வறுக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்குகிற ஆள்போல அந்தக் குரல் படிப்படியாகக் கீழே போய் மறைந்தது. பாறையைக் குடைந்து திரும்பும் அந்த வளைவு வந்திருந்தது.

"சொல்றத பாத்தா? பாத்தா, அப்புறம் இன்னா சொன்னான்?"

அவள் கேட்டது பின் இருக்கையை.

"மலை மறைக்குதுங்கண்ணி. ஸ்டேசன் அந்தாண்ட இருக்குது, நாம இந்தாண்ட இருக்கறோம். இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தே திரும்பினாள்.

"தோ, இவர் இருக்கறாரே. மலைக்கு அந்தாண்ட பேசினாலும் இவருக்குக் கேக்கும். சொல்லுங்க. இன்னா சொன்னான்?"

ஜன்னலுக்கு வெளியே அத்தி மரம், பன்னிரண்டு வருடம் பருத்து, அதே இடத்தில் நின்றது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"எனக்கும் கேக்கல" என்றேன். "எப்பவும் கேக்கல."

"பன்னெண்டு வருசம்! கொளத்தாங்கர மேட்டுல முள்ளு குத்தி எல பறிச்சிருக்கறேன். பாம்பு பாத்திருக்கறேன்." மூச்சு வாங்கினாள். "அந்த எலய எங்கேர்ந்து புடிச்சீங்க?"

மரத்தைக் காட்டினேன்.

"நிறுத்துங்க வண்டிய."

இறங்கிப் போய் மரத்தடியில் இடுப்பில் கைவைத்து நின்று, அதை ஒரு வழக்கில் எதிராளியைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள். சகலை காருக்குள்ளேயே இருந்தார். பின்கண்ணாடியில் அவர் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. ஒருவழியாகச் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

நானும் இறங்கி மரத்தடிக்குப் போனேன். "இன்னா மரத்த பாத்துக்கினு நிக்கறீங்க?" என்றாள் என்னிடம். "பறிங்க. எவன் சொன்னா இன்னா, புளி கறுக்கல இல்ல?"

பறித்தேன். காம்பிலிருந்து பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. அவள் ஒரு கட்டு சேரும்வரை போதும் என்று சொல்லவில்லை.

தெருவில் அவள் உண்மையை மறைக்கவில்லை. "ரேடியோ சொல்லல, எங்க வூட்டுக்காரருதான் சொன்னது" என்று எல்லோரிடமும் சொன்னாள். ஒரே வாரத்தில் ஏழெட்டு வீட்டுப் பானைகளிலிருந்தும் இலை இறங்கிவிட்டது. "அய்ய, அவரா சொன்னது?" என்றாளாம் எதிர்வீட்டுக்காரி. அதே இலை, அதே புளி. சொன்னது நான் என்றதும் நம்பிக்கை போயிற்று. அந்த ரேடியோக் கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

காவலூர்க் குவார்ட்டர்ஸில் மட்டும் இலை இன்னும் இருக்கிறது. தங்கை எடுத்துவிடத்தான் பார்த்தாளாம். "அவருதான் வுடல. அண்ணன் சொன்னது, இருக்கட்டும்னுட்டாரு" என்றாள். இதை என் மனைவி என்னிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? அவரைப் பற்றித்தான் பெருமை. அந்தத் தாளை அவர் திருப்பித் தரவுமில்லை.

ரேடியோ இப்போதெல்லாம் வறுப்பதில்லை. அடிவாரத்திலிருந்து பாறை வளைவு வரைக்கும் எல்லாம் தெளிவு. அவள் நேராக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறாள். வளைவு வந்ததும் மலை குறுக்கே வந்து நிற்கிறது, குரல் இறங்கிவிடுகிறது. அங்கே நான் வேண்டுமென்றே இரண்டாவது கியருக்கு வந்து, வண்டியை நத்தையாக ஊர வைக்கிறேன். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அமுக்கித் திட்டுகிறான். திட்டட்டும். பல வாரங்கள் அவள் வாயைத் திறக்கவில்லை, மரத்தை ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.

போன சந்தைக்குச் சகலையும் கூட வந்தார். யாரோ ஒரு பெரியவர் சிறுதானியத்தைப் பற்றி நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். சாமைச் சோறு வடிக்கும்போது ஒரு சிட்டிகை என்று சொல்லி, என்ன சிட்டிகை என்று சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டது. கார் ஊர்ந்தது. மரத்தில் ஒரு மைனா.

"இன்னா சொன்னான்?" என்றாள் என் மனைவி, பொதுவாக, முன்கண்ணாடியைப் பார்த்தபடி. கொஞ்சம், ஒரு விரற்கடை, இந்தப் பக்கம் சாய்ந்ததுபோல்தான் எனக்குப் பட்டது.

பின் இருக்கையிலிருந்தவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.